உன் மேல் நீ போடாத வட்டம்

இன்றைக்குக் காலையில் கன்டெய்னர் வந்தது. மேரு ரோட்டுக் கடை வாசலில் பூட்டை அறுத்துக் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கடல் உப்பும் பழைய எஞ்சின் ஆயிலும் மாதக்கணக்கில் ஒன்றாக அடைந்து கிடந்து, கிள்ளான் வெயிலுக்கு வெளியே வருகிற வாடை. நீ இருந்தால் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "வந்துட்டாளுங்க லா" என்பாய். நான் பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். மஞ்சள் சாக்பீஸ் துண்டு ஒன்று விரலில் பட்டது. நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டியின் கடைசித் துண்டு. அங்கேயே, வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, உன்னை வாய்விட்டுத் திட்டினேன். அவர்களுக்கு இது பழகிவிட்டது. ஒருவன் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செத்தவனைத் திட்டக்கூடாது என்று என் மனைவி சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு நீ இடம் கொடுத்தாயா மச்சான்? திட்ட வேண்டியதையெல்லாம் மறைத்து வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போய்விட்டாய். அதனால் இந்த மடலையும் திட்டு என்றே வைத்துக்கொள்.

நம் தொழில் உனக்குத் தெரியும். ஆனால் கிள்ளானில் பாதிப் பேர் என்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன். ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவில் அறுத்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் இருக்கிற முன்பாதியை மட்டும் கன்டெய்னரில் அடைத்து அனுப்புவார்கள். ஹாஃப்கட் என்று பெயர். அதை வாங்கிப் பிரித்து வொர்க்‌ஷாப்காரர்களுக்கு விற்பது நம் பிழைப்பு. பொய் சொல்லிப் பணம் பண்ண இதைவிடத் தோதான தொழில் கிடையாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிஸ்டன் போயிருக்கும். வாங்கினவன் கொண்டுபோய் மாட்டி ஓட்டும்வரை தெரியாது. போர்ட் கிள்ளானில் லோரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்த நாம் இரண்டு பேரும் இந்தத் தொழிலில் கால் வைத்தபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் விற்றார்கள்.

நீதான் முதல் கன்டெய்னரிலேயே சட்டம் போட்டாய். எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தில் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம். வாங்க வருகிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். வட்டம் போட்ட எஞ்சினை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான் என்று நான் உன்னோடு சண்டைக்கு நின்றேன்.

"அவன் கண்டுபிடிச்சா அது திருட்டு மச்சான். நாம காட்டிட்டா அது வெல பேசுற விஷயம்," என்றாய்.

வாங்கினார்கள். வட்டம் இல்லாத இடத்தை நம்பி வாங்கினார்கள். கிள்ளானிலிருந்து பந்திங் வரைக்கும் கார் பழுது பார்க்கிற போர்மன்களுக்கு நம் கடையின் பெயர் தெரியாது, வட்டக் கடை என்றால்தான் தெரியும். இன்றைக்கு எனக்குச் சொந்த வீடு இருக்கிறதென்றால் அது அந்தச் சாக்பீஸ் கட்டின வீடு. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அப்படிப்பட்ட நீதான் இதைச் செய்தாய்.

நியூசிலாந்து, நியூசிலாந்து என்று நீ ஆரம்பித்தது போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரத்தில். போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கிறவனைக் காட்டினாய். ஆற்றில் ரப்பர் படகில் தூக்கி எறியப்படுகிறவனைக் காட்டினாய். எனக்கு வெளிநாடு என்றால் பழைய கார் அறுக்கிற யார்டு. ஒசாகாவில் இறங்கி, எஞ்சின் பார்த்து, பேரம் பேசி, அடுத்த விமானத்தில் ஏறுகிறவன் நான். காசு கொடுத்து எவனாவது தலைகீழாகத் தொங்குவானா என்று கேட்டேன். பத்துமலைப் படி ஏறினால் அதே மூச்சு வாங்கும், டிக்கெட்டும் கிடையாது என்றேன். நீ விடவில்லை. "ஷட்டர இழுத்து மூடிட்டு ஒரே ஒரு தடவ போய்ட்டு வருவோம் லா. எப்பப் பாத்தாலும் யாரோ ஓட்டுன காரோட பாதியப் பாத்துக்கிட்டே இருக்கோம்," என்றாய். அது எனக்கும் உறைத்தது. சித்திரை பிறந்ததும் கிளம்பினோம்.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் இறங்கினோம். அந்த நாட்டில் வெளியிலிருந்து உணவுப் பொருள் கொண்டுவந்தால் சொல்லிவிட வேண்டும், மண் ஒட்டின செருப்பைக் கூடக் காட்ட வேண்டும். என் மனைவி கட்டிக் கொடுத்த நெத்திலிச் சம்பலும் மாங்காய் ஊறுகாயும் பையின் அடியில் இருந்தன. பேசாமல் வா என்று உன் விலாவில் இடித்தேன். நீ நேராகப் போய் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினாய். சம்பல், ஊறுகாய், உன் மனைவி புஷ்பா போட்டுக் கொடுத்த முறுக்கு. மேசையிலிருந்த அதிகாரி அம்மாள் கேட்காமலேயே பூட்ஸைக் கழற்றித் தூக்கிப்பிடித்து, அடியில் ஒட்டியிருந்த கிள்ளான் சேற்றைச் சுட்டிக் காட்டினாய். அவள் சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊறுகாயும் தப்பித்தது. "பாத்தியா, சொல்லிட்டா ஒண்ணும் இல்ல" என்று வெளியே வரும்வரை எனக்குப் பாடம் நடத்தினாய்.

ஊறுகாயை ஒளிக்காத மனிதன். பூட்ஸில் ஒட்டின சேற்றைக் காட்டின மனிதன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

வாடகைக்கு எடுத்த வேனில், நாம் கன்டெய்னர் கன்டெய்னராக விற்றுத் தள்ளின அதே எஞ்சின். உனக்கு ஒரே கொண்டாட்டம். நம் மலேசியா மாதிரியே இடதுபக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் ஸ்டியரிங்கை நீ விடவே இல்லை. வழியில் ஒரு ஏரி வந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐஸ் போட்டு விற்கிற நீலச் சர்பத் மாதிரி நிறம். "எவனோ சாயத்தக் கொட்டிட்டான்" என்று வண்டியை நிறுத்தி இறங்கினாய். கீழே குனிந்து பார்த்தால் ரேடியேட்டர் குழாயில் தண்ணீர் கசிகிறது. சும்மா விடுவாயா? கம்பியை வைத்து இறுக்கிக் கட்டினாய். பிறகு, அங்கேயும் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருந்தாய் பார், கசிந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம். வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது பானெட்டைத் திறந்து, வாடகைக் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் நீயே காட்டினாய். நாம்தான் உடைத்துவிட்டோம் என்று அவள் நினைத்து மேலாளரைக் கூப்பிட, அவன் வந்து வட்டத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் உன் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேலைக்கு வருகிறாயா என்று கேட்டான். யாரோ முன்பின் தெரியாதவனுடைய வேன் ரேடியேட்டருக்கு வட்டம் போட்டாய்.

அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதையும் நீ கெடுத்துவிட்டாய். பாறைக்கு நடுவே பறக்கிற படகில் நாம் முழுக்க நனைந்து பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தது, சிரிக்கக்கூட வாய் திறக்காமல் நீ மூக்கால் சிரித்தது, நெத்திலிச் சம்பலை ரொட்டிக்குள் வைத்துத் தின்றது. இப்போது எதை நினைத்தாலும் அதன் அடியில் இன்னொன்று தெரிகிறது.

பாராகிளைடிங்குக்கு ஒரு மேட்டில் ஏறினோமே. நீ நின்று நின்று ஏறினாய். நிற்கும்போதெல்லாம் போனை எடுத்து எதிர் மலையைப் படம் பிடித்தாய். இந்த மலைக்கு வேறு பக்கமே கிடையாதா என்று நான் கிண்டல் செய்தேன். ஊருக்கு வந்து நீ அனுப்பினதைத் திறந்து பார்த்தால் ஒரே மலை, ஒரே மலை, வரிசையாக. மூச்சு வாங்குவதை மறைக்க எடுத்த படங்கள். எஞ்சினைத் தள்ளி நின்று கேட்டே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்கிறவன் நான். என் காதில் விழாமல் நீ மூச்சு விடுவதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும். அந்தப் பாட்டில் கால்வாசியை ஒரு டாக்டரிடம் பட்டிருக்கலாம்.

கடைசி நாள் பாலம். கீழே பச்சையும் நீலமுமாக ஆறு. குதிப்பதற்கு முன்னால் எடை பார்த்து, சிவப்பு மார்க்கரால் புறங்கையில் எழுதினார்கள். கழுத்தெல்லாம் பச்சை குத்தின ஒரு பையன் வரிசையாகக் கேட்டான். முதுகில் கோளாறு உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இருதயத்தில் ஏதாவது உண்டா. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ நெஞ்சைத் தட்டிக் காட்டினாய்.

"நோ பாஸ். எல்லாம் ஒரிஜினல்."

ஸ்பேர் பார்ட்ஸ்காரன் ஜோக் அது. அவனுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இந்த ஒரு வருஷமாக நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

முதலில் என்னைத்தான் அனுப்பினாய். விளிம்புவரை போனேன். கீழே பார்த்தேன். முடியாது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எனக்கு வெட்கம் இல்லை. பயம் வந்தால் பயம் என்று சொல்லிவிடுவேன். நீ போய் நின்றாய். நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாய்: "புஷ்பாகிட்ட காட்டு மச்சான். உன் புருஷன் எப்படி இருக்கான் பாருன்னு சொல்லு." குதித்தாய். ஆறு வரைக்கும் போய் மேலே வந்தாய், மறுபடி போனாய், மறுபடி வந்தாய்.

ஊர் திரும்பினதும் நீ என்னை விட்டாயா? கடைக்கு வருகிற ஒவ்வொரு போர்மனிடமும் சொன்னாய். "தௌகே எட பாக்குறதுக்கு நியூசிலாந்து வரைக்கும் போய்ட்டு வந்தாரு. இங்க கிளினிக்ல ஓசியில பாத்துருப்பாங்க." கடையே சிரித்தது. தௌகே, முதலாளி என்று என்னைக் கூப்பிடுவதே கிண்டலுக்குத்தான், நம் இருவருக்கும் கடை சரிபாதி. நானும் சேர்ந்து சிரித்தேன். சரி, எடை பார்த்துவிட்டுத் திரும்பினவன் பயந்தாங்கொள்ளி என்றால், உனக்கு என்ன பெயர் வைப்பது? பாலத்திலிருந்து குதித்தாய். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுக்க உனக்குத் தைரியம் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், காலை வேளையில், கடைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடை வாசலில் நின்றிருந்தாய். கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டுவதற்குள் கீழே உட்கார்ந்தாய். அப்படியே சாய்ந்தாய். எனக்கு வாங்கின கோப்பி அது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. புஷ்பா சுவரோரம் நின்றிருந்தாள். டாக்டர் என்னை உன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, வருஷ ஆரம்பத்திலேயே பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தோமே, ஏன் இத்தனை மாதம் தள்ளிப் போட்டீர்கள் என்று கேட்டார்.

வருஷ ஆரம்பம். அப்படியென்றால் நியூசிலாந்துக்கு முன்னால். படகுக்கு முன்னால், மேட்டுக்கு முன்னால், பாலத்துக்கு முன்னால். நான் புஷ்பாவைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, பந்திங்கிலிருந்து வந்திருந்த புஷ்பாவின் அண்ணன் கூட்டத்துக்கு நடுவே என் முன்னால் வந்து நின்றார். சத்தம்கூடப் போடவில்லை. "ஹார்ட் பேஷண்டக் கூட்டிட்டுப் போய்ப் பாலத்துல இருந்து தள்ளி விட்டுருக்கீங்க. கூட்டாளின்னு வேற சொல்லிக்கிறீங்க. தெரியாமலா கூட்டிட்டுப் போனீங்க?" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. ஏன் தெரியுமா? கெட்டுப்போன எஞ்சினை விற்றவன் சொல்கிற வார்த்தை அது. வாங்கினவன் கையில் எண்ணெயோடு திரும்பி வந்து நிற்கும்போது, ஊரில் உள்ள ஒவ்வொரு ஹாஃப்கட் கடைக்காரனும் சொல்கிற ஒரே வார்த்தை. நம் கடையில் அதைச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்ததே இல்லை. உன் சாக்பீஸ் அதிலிருந்து என்னைக் காப்பாற்றி வைத்திருந்தது. உன் பிணத்துக்கு முன்னால் வைத்து, நீயே அதைச் சொல்ல வைத்தாய். புஷ்பா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். என்னோடு யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. உன் பங்குக்கு வருகிற கணக்கையெல்லாம் என் மனைவிதான் கொண்டுபோய்ப் புஷ்பாவிடம் சேர்த்தாள். நோயாளி என்று தெரிந்தே கூட்டிக்கொண்டு போனவன் என்ற பேச்சு கோயிலில் இருந்து கோப்பிக் கடை வரைக்கும் சுற்றியது. ஒரு நாள் சாலாக் செலாத்தானிலிருந்து வருகிற நம் பழைய போர்மன், கியர் பாக்ஸைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இதுல ஒண்ணும் மறைக்கலயே தௌகே?" விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டான். இத்தனை வருஷத்தில் வட்டக் கடையில் எவனும் கேட்காத கேள்வி அது. கடை இழந்ததைவிட நான் இழந்தது பெரிது. புஷ்பா என்னை அண்ணே என்று கூப்பிட்டு, நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, அவள் பிரசவத்துக்கு நீ ஈப்போவில் மாட்டிக்கொண்டபோது நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவன். அவளும் அப்படி நினைக்கிறாள் என்றால், அதற்குப் பிறகு நான் யார்?

போன மாதம் ஆயுத பூஜைக்கு மாலை வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். பூக்கடை வரிசையில், மல்லிகைச் சரம் தொங்குகிற கடைக்கு முன்னால் புஷ்பா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பூ வைத்திருந்த வாளிகளுக்குப் பின்னால் நகர்ந்தாள். நானும் வந்த வழியே திரும்பினேன். அதற்குள் பூக்காரி, "அக்கா, திவசத்துக்கு மால சொன்னீங்களே, பெருசா சின்னதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். இருவருமே நின்றுவிட்டோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை, மாலையைப் பெரிதாகவே சொல்லிவிட்டுப் போ, நான் போய்விடுகிறேன் என்றேன்.

அவள் அங்கேயே அழுதாள். பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். தே தாரிக் வந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணே. எனக்குத்தான் தெரியும். பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்."

டாக்டர் சொன்ன அன்றே நீ அவளைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாய். மச்சானுக்குத் தெரிந்தால் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான், ஒரு தடவை அவனோடு போய்விட்டு வந்து படுத்துக்கொள்கிறேன், அதுவரை மூச்சு விடாதே என்று கேட்டிருக்கிறாய். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. திரும்பி வந்ததும் ஆப்பரேஷன் செய்துகொள்வேன் என்று உன்னிடம் பதிலுக்குச் சத்தியம் கேட்டிருக்கிறாள்.

"சூடத்துல அடிச்சு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணோம் அண்ணே. நான் காப்பாத்துனேன். அவரு காப்பாத்தல."

திரும்பி வந்ததும் கன்டெய்னர் வரட்டும் என்றாயாம். கன்டெய்னர் வந்தது. ஆடி மாதத்தில் உடம்பில் கத்தி வைக்கக்கூடாது என்றாயாம். இதைச் சொன்னபோது அவளுக்கே கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆடி மாதத்தில் எஞ்சின் இறக்கக்கூடாது என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறாயா நீ? ஆடி போனது, தீபாவளி முடியட்டும் என்றாயாம். உன் அப்பா ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போய், திரும்பும்போது நாலு பேர் தூக்கி வந்த கதையை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். என்னிடம் அவர் லோரி விபத்தில் போனார் என்று சொன்னாய். அதற்கும் சேர்த்துத் திட்டுகிறேன். பயம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு அவ்வளவு கனமாக இருந்ததா? விளிம்பிலிருந்து திரும்பி வந்து உன் எதிரிலேயே நான் சொன்னேனே.

அன்றைக்கே தன் அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று புஷ்பாவிடம் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள்.

"வாயத் தொறந்தா தெரிஞ்சே அனுப்புனவ நான்னு ஆயிடும். அன்னிக்கு எனக்கு அந்தத் தெம்பு இல்ல. அப்புறம் நாளாக நாளாக உங்க மூஞ்சப் பாக்கவே முடியல," என்றாள்.

அவளிடம் கோபப்படத்தான் போனேன். கோபம் பாதி வழியிலேயே திரும்பி உன்னிடம் வந்தது. ஒரு வருஷம் மச்சான். அவள் என்னைக் கண்டு ஒளிந்தாள், நான் அவளைக் கண்டு ஒளிந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் நீ வைத்துவிட்டுப் போன ஒன்றை, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

பாலத்தில் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டாள். நீ அவளிடம் காட்டவே இல்லையாம். நானும் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மேசை மேல் வைத்து இருவரும் பார்த்தோம். நீ திரும்பினாய். உன் புருஷன் எப்படி இருக்கான் பாரு என்று கத்தினாய். குதித்தாய். அவள் போனைக் குனிந்து பார்த்து, நீ எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி சொன்னாள்:

"பாத்தாச்சு. அதுக்கப்புறம்?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் திவசம். போனேன். பந்திங் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தார். புஷ்பா, படையலுக்கு வைக்க எடுத்து வந்த வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, சொந்தம் முழுக்க உட்கார்ந்திருக்க, அவரை நிறுத்தினாள். "நில்லுங்க. அவருக்கு ஹார்ட்ல பிரச்சினன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்புனேன். இந்த அண்ணனுக்குத் தெரியாது. கேக்கணும்னா என்னக் கேளுங்க." யாரும் எதுவும் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் படத்துக்குள் மாலை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எனக்கு இலை போட்டவர் பந்திங் அண்ணன். வடை வைத்தார். கேட்காமலே இன்னொன்று வைத்தார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

புஷ்பா பெரிதாக்கி மாட்டியிருக்கிற படம் எது தெரியுமா? பாலத்தில் எடுத்தது. இடுப்பில் பட்டை, கையைத் தூக்கிக் காட்டுகிறாய், புறங்கையில் உன் எடை சிவப்பில் தெரிகிறது. உன்னைப் பற்றி அன்றைக்கு நீ வெளியே சொன்ன ஒரே உண்மை அந்த எடைதான்.

எல்லாரும் கையலம்பப் போன பிறகு நான் படத்துக்கு முன்னால் நின்றேன். கைக்குட்டையால் கண்ணாடியில் சிந்தியிருந்த சந்தனத்தைத் துடைத்தேன். பையிலிருந்த சாக்பீஸை எடுத்தேன். கண்ணாடியில் அது சும்மா பிடிக்காது, நனைத்தால் பிடிக்கும். படையலுக்கு வைத்திருந்த தண்ணீரில் தொட்டு, உன் இடது நெஞ்சில் ஒரு வட்டம் போட்டேன். கோணலாக வந்தது. திரும்பினால் புஷ்பா நிற்கிறாள். அழிக்கப்போகிறாள் என்று ஒதுங்கினேன். அவள் என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள், தண்ணீரில் தொட்டாள், அதே வட்டத்தின் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினாள், தடிமனாக. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்று வரைக்கும் அது அழியவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவள் நேற்று அங்கே போயிருந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். மாடிப்படி ஏறும்போது எனக்கும் கொஞ்ச நாளாக நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது என்று. வாய்க்கு வந்தபடி திட்டினாள், அழுதாள், டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள். பயமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். திட்டு வாங்க நான் இருக்கிறேன், திட்ட அவள் இருக்கிறாள், கொடுத்து வைத்தவள்.

காட்டிவிட்டால் அது விலை பேசுகிற விஷயம் என்று சொன்னவன் நீ. எங்கள் இரண்டு பேரையும் நீ விலை பேச விடவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எஞ்சினை விற்றிருப்பேன், உன் பயத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன், தேவைப்பட்டால் அந்தப் பாலத்திலிருந்து குதித்தும் காட்டியிருப்பேன், நீ போய்ப் படு என்று. ஒன்றுக்கும் நீ இடம் கொடுக்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற யோசனையும் இல்லை.

புதுப் பெட்டி சாக்பீஸ் வாங்கி வைத்துவிட்டேன். இன்றைக்கு வந்த எஞ்சின்களுக்கெல்லாம் அதில்தான் வட்டம் போட்டோம். உன்னுடைய அந்தக் கடைசித் துண்டை உன் படத்துக்குப் பிறகு வேறு எதன் மேலும் தேய்க்கவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். உன்னைத் திட்டத் தோன்றுகிற நேரத்தில் கைக்கு ஏதாவது அகப்பட வேண்டும்.